மூன்று மாத மன்னன்

யூதா நாட்டு வேந்தருள் தாவீதையும் சாலொமோனையும் அறியாதார் இலர். அவர்கள் வழிவந்த யோயாக்கீனை அறிந்தாரோ மிகச் சிலரே. மூன்று மாதமே அரசாண்ட அம்மன்னனைப் பற்றி இன்று சில சொல்ல விழைகின்றேன்.

அவனுடைய தந்தை யோயாக்கீம், பாபிலோன் பேரரசன் நேபுகாத்நேச்சாருக்குத் திறை செலுத்திவந்தவன், பின்னர்ப் பகைத்தான். பகையின் பயன் விளையுமுன் தந்தை மாண்டான். அதனை அறுக்க நேர்ந்தவன் 18 வயது மைந்தன். பாபிலோன் படை எருசலேமை வளைத்தது. யோயாக்கீன் தன் தாயோடும் அதிகாரிகளோடும் நகருக்கு வெளியே வந்து பணிந்தான். இது நிகழ்ந்தது கி.மு. 597-இல். அரசனும், பெருமக்களும், கைவினைஞரும் சிறைப்பட்டுப் பாபிலோன் சென்றனர்.

இதனைக் கோழைமை என்று கூறுவோர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவனுக்குப்பின் பட்டமேற்ற சிறிய தந்தை சிதேக்கியா, பேரரசனை எதிர்த்து நின்றான், கி.மு. 586-இல் நகரும் கோயிலும் எரிந்து சாம்பலாயின. பணிந்தவன் காலத்தில் கருவூலம் கொள்ளைபோயிற்று. ஆயினும் நகர் நின்றது.

சிறைப்பட்டவன் கதி என்னவாயிற்று? அதற்கு விடையளிப்பவன் புலவனல்லன், கணக்கன்! 1899 முதல் 1917 வரை பாபிலோனை அகழ்ந்த செருமானிய அறிஞர் கோல்டவே, அரண்மனைப் பகுதியில் களிமண் ஏடுகள் பலவற்றைக் கண்டெடுத்தார். அவற்றுட் சிலவற்றை வைட்னர் என்பார் 1939-இல் வெளியிட்டார். அவை அரண்மனைப் பண்டசாலையின் படிக்கணக்குகள். கி.மு. 592-ஆம் ஆண்டின் ஏடொன்றில், யூதா நாட்டு மன்னன் யோயாக்கீனுக்கும் அவன் மைந்தர் ஐவருக்கும் எண்ணெய் அளந்த செய்தி காணப்படுகிறது. நாடிழந்து நின்றவனை, சிறைப்படுத்தியவர் கணக்கே மன்னன் என்று குறித்திருப்பது வியப்பன்றோ?

சிறைவாழ்வின் 37-ஆம் ஆண்டில், நேபுகாத்நேச்சாரின் மகன் ஏவில்மெரொதாக் அவனை விடுவித்தான். சிறையுடை களைவித்துத் தன் பந்தியில் அமர்த்தினான். ஆயினும் அவன் தாயகம் திரும்பியதாகச் செய்தி இல்லை. பாரசீகர் ஆட்சியில் மீண்டு சென்ற மக்களுக்கு ஆளுநனாய் விளங்கியவன், அவனுடைய பேரன் செருபாபேல்.

அரியணையில் இருந்த நாட்களைக் கொண்டே அரசரை அளக்கப் பழகிவிட்டோம். யோயாக்கீனின் அரசு மூன்று மாதத்தில் முடிந்தது. அவன் குலம் முடியவில்லை. தோல்வியுற்ற ஓர் இளைஞன் உயிரோடிருந்ததும் வரலாற்றில் ஒரு செயலே என்பது என் துணிபு.