மரப்படகின் பளபளப்பும் பன்றி மயிரும்

வார்னிஷ் ஒளி ஊடுருவும் பூச்சு. பெயிண்ட் தனக்கடியில் உள்ள குறையை மூடிவிடும். வார்னிஷ் எதையும் மூடாது. மர ரேகையைத் துலக்கிக் காட்டும் அதே தெளிவோடு பிரஷ் விட்ட கோட்டையும், உதிர்ந்து ஒட்டிய ஒற்றை மயிரையும், காய்வதற்குள் படிந்த தூசியையும் காட்டிக்கொடுக்கும். படகில் இந்த வேலை இன்னும் கடினம். பக்கப்பலகை செங்குத்தாகவும் வளைந்தும் நிற்பதால், கொஞ்சம் கூடுதலாக வைத்தால் வார்னிஷ் வழிந்து இறங்கும். குறைத்து வைத்தால் பிரஷ் இழுபட்டு வரி விழும். வெயில் பூச்சைச் சிதைத்துக்கொண்டே இருக்கும் என்பதால் ஒன்றிரண்டு பூச்சோடு நிறுத்தவும் முடியாது. பல பூச்சுகள் ஏற்ற வேண்டும், ஆண்டுதோறும் உப்புத்தாள் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். இத்தனையும் ஒரு கைப்பிடி மயிரை நம்பி நடந்தன. அந்த மயிரும் கடையில் வாங்கிய நிலையில் பாதி தயாரான பொருள்தான். மீதியைப் பயன்படுத்துபவரே பழக்கியும் பேணியும் முடித்துக்கொண்டார்.

இந்தப் பழக்கத்தின் தெளிவான பழைய பதிவு ஒன்று இத்தாலியில் இருக்கிறது. 1400ஆம் ஆண்டையொட்டி ஓவியர் சென்னினோ சென்னினி எழுதிய கைந்நூலில் பன்றி மயிர் பிரஷ் செய்யும் முறை வருகிறது. கறுப்பு மயிரைவிட வெள்ளை மயிரே மேல் என்கிறார் அவர். மயிரை முதலில் ஒரு பெரிய கோலில் கொத்தாகக் கட்டி, அதைக் கொண்டு சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும். மயிர் நன்றாக மென்மைப்படும்வரை இது நடக்கும். பிறகு கட்டை அவிழ்த்து, வேண்டிய அளவுகளில் பிரித்துச் சிறிய பிரஷ்களாகக் கட்ட வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் நாள்கணக்கில் உரசிய பிறகே மயிர் நல்ல வேலைக்குத் தகுதி பெற்றது. அணில் வால் மயிரைப் பூச்சி அரிக்காமல் காக்க, பயன்படாத காலத்தில் களிமண்ணையோ சுண்ணக்கட்டியையோ குழைத்துப் பூசித் தொங்கவிடச் சொல்வதும் அதே நூல்தான். மயிர் புரதம் என்பதால் கம்பளியை அரிக்கும் பூச்சி அதையும் அரிக்கும். ஓவியப் பட்டறையில் இருந்த இந்த இரண்டு கவலைகளும், அதாவது மயிரைப் பழக்குவதும் மயிரைக் காப்பதும், பிற்காலத்தில் வண்டிப் பட்டறைக்கும் படகுத்துறைக்கும் அப்படியே போய்ச் சேர்ந்தன.

மரக்கலங்களுக்கு வார்னிஷ் அடிப்பது அவ்வளவு பழைய வழக்கம் அல்ல. ஐரோப்பியக் கப்பல்களின் உடலைக் காத்தது பைன் மரத்தார். தமிழகக் கடற்கரையில் மீன் எண்ணெய். தார் பூச முரட்டுப் பிரஷ் போதும். மர நிறம் தெரிய வேண்டும் என்ற ஆசை உல்லாசப் படகுகளோடு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் தேம்ஸ் ஆற்றின் துடுப்புப் படகுகளும் பாய்மர உல்லாசப் படகுகளும் மகோகனிப் பலகை மின்ன நின்றபோது, வார்னிஷ் கௌரவப் பொருளாயிற்று. அக்கால வார்னிஷ், ஆளிவிதை எண்ணெயில் மரப்பிசினை உருக்கிக் காய்ச்சியது. சான்சிபாரின் கோப்பல், நியூசிலாந்தில் மண்ணைத் தோண்டி எடுத்த கௌரிப் பிசின் போன்றவை அதற்குப் போயின. பாய்மரத் தண்டு காற்றில் வளைந்து நிமிரும். அதன்மேல் பூசியதும் கூடவே நெகிழ வேண்டும். ஆகவே தண்டுக்கென்று எண்ணெய் மிகுந்த, மெதுவாகக் காயும் வார்னிஷ் உருவானது. 1906இல் அமெரிக்காவின் வாலன்டைன் நிறுவனம் வால்ஸ்பார் என்ற வார்னிஷைக் கொண்டுவந்தது. கொதிநீர் பட்டாலும் அது வெளுக்காது என்பதே அதன் விளம்பரம். மெதுவாகக் காய்வதில் ஒரு நன்மை உண்டு: பிரஷ் விட்ட வரி தானாகச் சமன்படும். தீமையும் உண்டு: காயும்வரை தூசி படியும், உதிர்ந்த மயிர் உள்ளேயே உறைந்துவிடும். வார்னிஷ் வளர வளர, பிரஷ்ஷின் தரம் மேலும் நுணுக்கமாகப் பார்க்கப்பட்டது இதனால்தான்.

பன்றி மயிரை விட்டால் வேறு வழியில்லை என்ற நிலைக்கு அதன் அமைப்பே காரணம். அடியில் பருத்து நுனியை நோக்கிச் சிறுத்துப் போகும் மயிர் அது. அந்த நுனியும் இரண்டு மூன்று கிளைகளாகப் பிளந்திருக்கும். பருத்த அடி பிரஷ்ஷுக்கு விறைப்பைத் தருகிறது. பிளந்த நுனிகள் ஒன்றோடொன்று நெருங்கி வார்னிஷைத் தேக்கி வைத்து, அழுத்தம் பட்டதும் சீராக விடுகின்றன. குதிரை மயிரில் இந்தப் பிளவு இல்லை. தாவர நாரிலும் இல்லை. திருநெல்வேலிச் சீமையின் பனந்தும்பு தூத்துக்குடி வழியாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, துடைப்பமும் தேய்ப்புப் பிரஷ்ஷுமாக மாறியது. முரட்டு வேலைக்கு நிகரற்ற நார். ஆனால் வார்னிஷைத் தாங்கி நிற்க அதனால் முடியாது. இன்னொரு நுட்பமும் உண்டு. பன்றி மயிர் இயற்கையிலேயே சற்று வளைந்தது. எல்லா மயிரின் வளைவும் உள்நோக்கி இருக்கும்படி அடுக்கினால் பிரஷ் கூம்பி நிற்கும். தாறுமாறாக அடுக்கினால் விரிந்துவிடும். பிரஷ் கட்டுபவரின் விரல்கள் தேடியது இந்த வளைவைத்தான்.

குளிர்நாட்டுப் பன்றிக்கு மயிர் நீளம், விறைப்பும் அதிகம். ஐரோப்பா நெடுங்காலம் ரஷ்ய, போலந்து மயிரை நம்பியிருந்தது. ஜெர்மனியின் லைப்சிக் சந்தை அதற்குப் பெயர்போனது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீன மயிர் தியான்ஜின், ஹான்கௌ துறைகள் வழியாக உலகச் சந்தைக்கு வந்தது. சிச்சுவானின் கறுப்பு மயிர் சோங்சிங்கில் குவிந்தது. மயிரைக் கழுவி, சீவி, அங்குலக் கணக்கில் நீளம் பார்த்துப் பிரித்து, அடியும் நுனியும் மாறாமல் கட்டுக்கட்டாகக் கட்டி மரப்பெட்டியில் அடைக்கும் வேலை முழுக்க முழுக்கக் கை வேலை. நீளம் கூடக் கூட விலை பல மடங்கு ஏறியது, ஏனென்றால் ஒரு பன்றியின் முதுகில் நீண்ட மயிர் சொற்பம்.

இந்தியாவில் இந்த வணிகத்தின் மையம் கான்பூர். பன்றியையும் அதன் மயிரையும் தொடுவது தீட்டு என்று மேல்சாதியினர் ஒதுங்கிய இடத்தில், ஒடுக்கப்பட்ட கட்டிக் சமூகத்தார் அந்த வணிகத்தைக் கைப்பற்றினார்கள். சுற்று வட்டாரங்களிலிருந்து மயிரைத் திரட்டி, தரம் பிரித்து, லண்டன் சந்தைக்கு அனுப்பும் வேலையில் அவர்களுள் சிலர் பெரும் செல்வரும் ஆனார்கள். உல்லாசப் படகின் வரலாற்றை எழுதுபவர்கள் படகு வடிவமைத்தவரின் பெயரையும் வாங்கிய சீமானின் பெயரையும் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். அந்த மினுக்கத்துக்கு மயிர் சீவிக் கொடுத்த கான்பூர்க் கைகளும் சோங்சிங் கைகளும் அந்தப் பக்கங்களில் அனேகமாக இல்லை. அந்தக் குறை பெரிய குறை.

பழைய பிரஷ் உருண்டை வடிவம். மயிர்க் கொத்தின் அடியைச் சூடான கீலில் தோய்த்து, கைப்பிடியைச் சுற்றி வைத்து, சணலாலோ கம்பியாலோ இறுகக் கட்டினார்கள். கட்டு தளர்ந்தால் மயிர் உதிரும். ஆகவே புதுப் பிரஷ்ஷின் தலையை வேலைக்கு முன் சிறிது நேரம் நீரில் வைப்பார்கள்; மரம் ஊதிக் கட்டு இறுகும். 19ஆம் நூற்றாண்டில் உலோகப் பூண் பரவிய பிறகே தட்டைப் பிரஷ் எளிதாகக் கிடைத்தது. அந்த நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் மயிரின் அடியை ரப்பரில் பதித்து வல்கனைஸ் செய்யும் முறை வந்தது. கீல் டர்பென்டைனில் கரையும், ரப்பர் எளிதில் கரையாது. மயிர் உதிர்வது வெகுவாகக் குறைந்தது.

உருண்டைப் பிரஷ்ஷின் புது மயிர் வேலைக்கு வேண்டியதைவிட நீளமாக இருக்கும். அதை வெட்டினால் பிளந்த நுனி போய்விடும். எனவே மயிரின் பாதி உயரம்வரை நூலைச் சுற்றி ஒரு கட்டுப் போட்டு, வெளியே நிற்கும் பகுதியைக் குறைத்தார்கள். மாதங்கள் போய் நுனி தேயத் தேய, நூலைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து உள்ளே ஒளிந்திருந்த மயிரை வெளியே விட்டார்கள். புதுப் பிரஷ் முதலில் அடிப்பூச்சுக்குப் போகும். உதிர வேண்டிய மயிர் அங்கே உதிர்ந்துவிடும். விளிம்பு தேய்ந்து உளிபோல் கூர்ந்த பிறகு மேல்பூச்சு வார்னிஷுக்கு உயரும். அன்று முதல் அது பெயிண்டைத் தொடக்கூடாது. நிறமித் துகள் ஒன்று அடியில் தங்கினாலும் தெளிந்த வார்னிஷில் புள்ளியாக வந்து நிற்கும். நன்றாகப் பழகிய பிரஷ்ஷை அதன் சொந்தக்காரர் இரவல் தரமாட்டார்.

வாங்கும்போது பார்த்த பார்வைக்கும் காரணங்கள் இருந்தன. பிரஷ்ஷை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பிளந்த நுனிகள் வெளுத்துத் தெரியும்; தெரியாவிட்டால் மயிர் நுனி வெட்டப்பட்டது, அல்லது குதிரை மயிர் கலந்தது. உள்ளங்கையில் அழுத்தி விட்டால் மயிர் துள்ளி நிமிர வேண்டும். துவண்டே கிடந்தால் கலப்படம். மயிரை விரலால் இரு பக்கமும் விலக்கிப் பூணுக்குள் பார்ப்பது அடுத்த சோதனை. நடுவில் வைக்கும் மரச்சக்கை அளவோடு இருந்தால் அந்த இடைவெளி வார்னிஷைத் தேக்கும் தொட்டியாகும். மயிர்ச் செலவை மிச்சம் பிடிக்கச் சக்கையைப் பருமனாக்கினால், தடிமனாகத் தெரியும் பிரஷ் உள்ளே வெறுமையாக இருக்கும். கடைசியாக, நுனியைப் பிடித்து இரண்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பார்கள்.

வளைக்கரடி மயிர் இவற்றுக்கெல்லாம் மேலானதாக மதிக்கப்பட்டது. அது அடியில் மெலிந்து, நுனிப்பக்கம் பருத்துப் பிறகு கூர்வது. அதனால் பிரஷ்ஷின் அடி நெகிழ்ந்தும் நுனி அடர்ந்தும் அமையும். கெட்டியான வார்னிஷைத் தள்ளுவதற்கு அது போதாது. வைத்த பூச்சை மேலோட்டமாகத் தடவிச் சமன்செய்யவே ஏற்றது. பிரிட்டனில் 1973ஆம் ஆண்டுச் சட்டம் வளைக்கரடிக்குப் பாதுகாப்பு அளித்தது. சந்தைக்கு வரும் மயிர் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருவது. படகுச் சாமான் கடைகளில் வளைக்கரடி பாணி என்று விற்கப்படும் பிரஷ்களில் பெரும்பாலானவை, நடுவில் கறுப்புப் பட்டை விழும்படி சாயமேற்றிய பன்றி மயிர்தான். மயிரும் கட்டும் நன்றாயிருந்தால் அதுவும் தாழ்ந்ததல்ல, ஆனால் வளைக்கரடி விலை கொடுப்பது வீண்.

பராமரிப்பில் வண்டிப் பட்டறைகளே படகுத்துறைக்கு ஆசான். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் குதிரை வண்டிகளுக்கு வார்னிஷ் அடித்தவர்கள், பிரஷ்ஷைக் காய விடாமல் மூடியுள்ள தகரப் பெட்டியில் வைத்தார்கள். கைப்பிடியில் ஒரு துளை, துளை வழியே ஒரு கம்பி. கம்பி பெட்டியின் இரு விளிம்பிலும் தங்க, பிரஷ் உள்ளே தொங்கும். மயிர் முழுதும் மூழ்கும் அளவுக்கு அதே வார்னிஷோ பச்சை ஆளிவிதை எண்ணெயோ ஊற்றியிருக்கும். நுனி பெட்டியின் அடியைத் தொடக்கூடாது. தொட்டால் ஒரே இரவில் மயிர் வளைந்துவிடும், கழன்ற அழுக்கு வண்டலாகப் படிந்து மறுபடி ஏறும். காய்ச்சிய எண்ணெய் ஆகாது, அது உலர்ந்து இறுகிவிடும். டர்பென்டைனில் ஊறப்போடுவதும் ஆகாது. அதில் பட்ட வார்னிஷ் திரிந்து பிசிறாகி, மறுநாள் பூச்சு முழுக்க மணல் தூவியதுபோல் ஆகும்.

கழுவுவதற்கு ஒரு வரிசை உண்டு. மூன்று நான்கு பாத்திரங்களில் டர்பென்டைனோ மண்ணெண்ணெயோ ஊற்றி வைத்து, அழுக்கானதில் தொடங்கித் தெளிந்ததில் முடிப்பார்கள். ஒவ்வொரு முறையும் கைப்பிடியை உள்ளங்கைகளுக்கிடையே வேகமாகச் சுழற்றி, பூணுக்குள் பதுங்கிய வார்னிஷை உதறுவார்கள். பிரஷ் கெடுவது நுனியில் அல்ல, இந்தப் பூணடியில்தான். அங்கே வார்னிஷ் இறுகினால் மயிர் விரியத் தொடங்கிவிடும். பல மாதம் எடுத்து வைப்பதானால் சோப்பில் அலசி, சீவி, தாளில் சுற்றி, பூச்சி அணுகாமல் கற்பூரம் வைத்தார்கள்.

மயிர் வந்துசேர்ந்த ஒழுங்கை உலுக்கியது போர். 1937, 1938இல் ஜப்பானியப் படைகள் தியான்ஜினையும் ஹான்கௌவையும் பிடித்தபின், போர்க்காலத் தலைநகரான சோங்சிங்கே மயிர் வணிகத்தின் மையமாக இருந்தது. அங்கே கு கெங்யூ என்ற வணிகர், புலி முத்திரை மயிரால் பன்றி மயிர் ராஜா என்று பெயர் வாங்கியிருந்தார். போர்க்கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கவும் பிரஷ் வேண்டும் என்பதால், நேச நாடுகளுக்கு மயிர் போர்த்தளவாடப் பட்டியலில் சேர்ந்தது. 1942இல் பர்மா சாலை அடைபட்டதும், மயிர்ப் பெட்டிகள் இமயத்தின் கிழக்கு மலைகளைத் தாண்டி விமானத்தில் அசாமுக்கு வந்தன. 1950 டிசம்பரில் அமெரிக்கா சீனாவோடு வணிகத்தை முடக்கியது. தடை தளர்ந்தது 1971இல்.

போரும் அந்த இருபது ஆண்டுத் தடையும் செயற்கை இழைக்கு வழிவிட்டன. நைலான் இழை 1938இல் பல் துலக்கும் பிரஷ்ஷாக வந்திருந்தது. போர்க்காலத்தில் டூபான்ட் நிறுவனம் நுனி சிறுத்த இழையைப் பெயிண்ட் பிரஷ்ஷுக்கென உருவாக்கியது. நுனியை இயந்திரத்தால் பிளந்து பன்றி மயிரைப் போலச் செய்தார்கள். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட லேடெக்ஸ் பெயிண்ட் 1940களின் இறுதியில் வீடுகளுக்குள் நுழைந்ததும் நைலான் வென்றது. பன்றி மயிர் நீரை உறிஞ்சித் தொய்யும், நைலான் தொய்யாது. ஆனால் எண்ணெய் வார்னிஷில் பன்றி மயிர் இன்றும் தோற்கவில்லை. இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தின் ஷேர்கோட் நகரம் பெயிண்ட் பிரஷ் தொழிலாலேயே வாழ்கிறது.

பிற்பாடு பாலியூரிதேன் நுரையாலான பிரஷ் வந்தது. அதில் உதிர மயிரே இல்லை, கழுவும் வேலையும் இல்லை. ஒரு பூச்சு முடிந்ததும் எறிந்துவிடலாம். வார்னிஷில் நேர்த்தியான விளிம்பும் தருகிறது. தேர்ந்த படகுத் தொழிலாளர்கள் பலர் அடுக்கடுக்கான பூச்சுகளுக்கு அதையே எடுக்கிறார்கள். குறை, அது அதிக வார்னிஷைத் தாங்காது. நீண்ட பக்கப்பலகையில் ஈர விளிம்பு காய்வதற்குள் அடுத்த தோய்ப்புக்கு ஓட வேண்டியிருக்கும். அதனால் கடைசிப் பூச்சுக்கு மட்டும் பழகிய மயிர்ப் பிரஷ்ஷை வெளியே எடுக்கும் துறைகள் உள்ளன. அங்கே பிரஷ் தொங்கும் பெட்டியில் ஆளிவிதை எண்ணெய்க்குப் பதில் இப்போது டீசலோ, மண்ணெண்ணெயில் கொஞ்சம் மோட்டார் எண்ணெய் கலந்ததோ இருக்கிறது. வேலைக்கு முன் அந்த எண்ணெய் துளியும் தங்காமல் இரண்டு மூன்று முறை கரைப்பானில் அலசி, உதறி, சுத்தமான பலகையில் சிறிது வார்னிஷைத் தேய்த்துப் பார்த்த பிறகே பிரஷ் படகைத் தொடுகிறது.