பாம்புகளும் ஒரு பழைய பாட்டும்: அப்பலாச்சிய மலைச் சபைகளின் கதை

1990களின் முற்பகுதியில் கொழும்பிலுள்ள ஒரு தமிழ் நாளிதழின் ஆசிரிய பீடத்தில் உதவி ஆசிரியராக இருந்தேன். இரவுப் பணியின்போது வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் அனுப்பும் செய்திகளைத் தெரிந்தெடுத்து மொழிபெயர்ப்பது என் வேலை. ஒருநாள் உலகச் செய்திப் பக்கத்தின் அடியில் மூன்று பத்தி அகலத்தில் இடம் மீந்துவிட்டது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப் பகுதியில் நச்சுப் பாம்புகளைக் கையில் ஏந்தி ஆராதனை செய்யும் கிறிஸ்தவர்களைப் பற்றிய செய்தியொன்று கையில் இருந்தது. கால் மணி நேரத்தில் மொழிபெயர்த்து, "பாம்புடன் பிரார்த்தனை" என்று தலைப்பிட்டு அனுப்பினேன். மறுநாள் செய்தியாசிரியர் என் தோளில் தட்டினார். அந்த மலைவாசிகளைப் பற்றி எனக்கு இருந்த அறிவும் அதோடு முடிந்தது.

அந்தச் செய்தியில் சொல்லப்பட்டது பொய்யன்று. மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் இறுதி அதிகாரத்தில், விசுவாசிகள் சர்ப்பங்களை எடுப்பார்கள் என்று வரும் வசனத்தை எழுத்துக்கு எழுத்து ஏற்றுக்கொண்ட ஜோர்ஜ் வென்ட் ஹென்ஸ்லி என்பவர், 1910ஆம் ஆண்டளவில் டென்னசியின் மலைப்புறத்தில் இந்த வழக்கத்தைப் பரப்பினார். கென்டக்கி மாநிலம் 1940இல் இதைச் சட்டத்தால் தடுத்தது. ஹென்ஸ்லி 1955இல் பாம்பு கடித்தே இறந்தார். ஆனால், இது இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய ஒரு வழக்கம். இதைக் கைக்கொண்ட சபைகள் எக்காலத்திலும் மிகச் சிலவே. அம்மலைகளில் வாழும் கிறிஸ்தவர்களில் பெரும்பாலானோர் பாம்பைக் கண்டால் நம்மைப் போலவே தடியைத் தேடுபவர்கள்.

அந்த மலைகளுக்கு நான் போனதில்லை. நூல்கள் வழியாகவும் ஒலிப்பதிவுகள் வழியாகவுமே அவற்றை அறிந்தேன். அங்கே என் கவனத்தை முதலில் இழுத்ததும் ஒரு தேவாலயமன்று, ஒரு பத்திரிகை. தென்கிழக்குக் கென்டக்கியில் லெட்சர் கவுண்டியின் தலைநகர் வைட்ஸ்பேர்க். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். அங்கிருந்து 'மவுண்டன் ஈகிள்' என்ற வார இதழ் 1907 முதல் வெளிவருகிறது. 1950களில் அதனைப் பொறுப்பேற்ற டொம் கிஷ், பற் கிஷ் தம்பதியர் நிலக்கரிக் கம்பனிகளையும் உள்ளூர் அதிகாரிகளையும் அஞ்சாமல் எழுதினார்கள். 1974இல் அந்த அலுவலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. அக்குற்றத்துக்காக உள்ளூர்ப் பொலிஸ்காரர் ஒருவர் பின்னர் தண்டிக்கப்பட்டார். பத்திரிகை நிற்கவில்லை. 1981இல் 'ஈழநாடு' எரிந்ததைச் சிறுவனாக இருந்து கேள்விப்பட்டு வளர்ந்த எனக்கு அந்த ஊரோடு ஓர் உறவு ஏற்பட்டதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

அந்த ஊரின் சமய வாழ்க்கை இரண்டு அடுக்குகளைக் கொண்டது. நகரின் நடுவில் மெதடிஸ்த, பிரெஸ்பிட்டேரியன், பப்டிஸ்ட் தேவாலயங்கள் உள்ளன. சம்பளம் பெறும் போதகர், வாத்தியக் கருவி, பாடகர் குழு, ஞாயிறு பாடசாலை என அங்குள்ள ஒழுங்குகள் நம் ஊர்த் தேவாலயங்களுக்குப் பழகியவர்களுக்குப் புதியனவல்ல. வழக்கறிஞரும் வணிகரும் ஆசிரியரும் போவது அங்கேதான். நகரை விட்டு ஓடைகளின் வழியே மலையிடுக்குகளுக்குள் ஏறினால் வேறோர் உலகம். அங்கே பெந்தெகொஸ்தே வகையைச் சேர்ந்த சிறு சபைகள் கித்தாரும் கைதட்டலுமாக ஆராதிக்கின்றன. அவற்றுக்கு முன்பிருந்தே அங்கு வேரூன்றியவர்கள் 'பழைய ரெகுலர் பப்டிஸ்டுகள்'. நான் எழுத முற்பட்டது இவர்களைப் பற்றியே.

இவர்களின் ஆலயத்தில் சிலுவையோ கோபுரமோ வாத்தியமோ இராது. ஒரு சபை பெரும்பாலும் மாதத்தில் ஒரு வார இறுதியில் மாத்திரமே கூடும். ஏனைய வாரங்களில் அதன் உறுப்பினர்கள் அயலிலுள்ள சகோதர சபைகளுக்குப் போவார்கள். இதனால் ஒரு மலையிடுக்கில் வாழ்பவருக்கு அடுத்த பல இடுக்குகளில் வாழ்பவர்களும் உறவினர்போல் ஆகிவிடுகிறார்கள். போதகர்களை 'மூப்பர்' என்கிறார்கள். இறையியல் கல்லூரியில் படித்தவர்கள் அல்லர்; சம்பளமும் இல்லை. வாரம் முழுவதும் சுரங்கத்திலோ பாடசாலையிலோ கடையிலோ வேலை செய்தவரே ஞாயிறன்று மேடையில் நிற்பார்.

ஓர் ஆராதனையில் மூன்று, நான்கு பேர் ஒருவர்பின் ஒருவராகப் பிரசங்கிப்பதுண்டு. எழுதிவைத்துப் படிப்பது அங்கே தவறு. எழுந்தவர் முதலில் தம் தகுதியின்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பார். தயங்கித் தயங்கிப் பேசுவார். சற்று நேரத்தில் பேச்சு ஒரு தாளத்தைப் பற்றிக்கொள்ளும். வாக்கியத்தின் ஈற்றில் மூச்சு வாங்கும் ஓசை விழும். பின்னர் அது பேச்சா பாட்டா என்று பிரித்தறிய முடியாதபடி ஓதலாகிவிடும். கேட்பவர்கள் எழுந்துபோய் அவருடைய கையைப் பற்றிக் குலுக்குவார்கள். பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். அழுகையை அங்கே யாரும் அடக்கச் சொல்வதில்லை.

ஞானஸ்நானம் வளர்ந்தவர்களுக்கு மாத்திரம், அதுவும் ஓடும் நீரில். நடுத்தர வயதையும் கடந்த பின்னர் ஓடையில் இறங்கியவர்கள் ஏராளம். ஆண்டுக்கொரு முறை திருவிருந்தை அடுத்து ஒருவர் பாதத்தை மற்றவர் கழுவும் சடங்கு நடைபெறும். ஆண்களுக்கு ஆண்களும் பெண்களுக்குப் பெண்களும் இடுப்பில் துவாயைக் கட்டிக்கொண்டு முழந்தாளிடுவர். கோடையில் குடும்ப இடுகாட்டின் அருகே இறந்தோர் நினைவுக் கூட்டங்கள் நடக்கும். பாதையில்லாத காலத்தில் போதகர் வந்து சேர மாதக் கணக்கானதால், புதைத்துப் பல மாதங்களுக்குப் பின்னரே இறுதிப் பிரசங்கம் நிகழ்ந்தது. அந்த வழக்கத்தின் எச்சமே இக்கூட்டங்கள் என்பர்.

இவற்றையெல்லாம் அழகென்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பெண்கள் அழலாம், பாடலாம், சாட்சி சொல்லலாம்; பிரசங்கிக்க முடியாது. பெண் கூந்தலை வெட்டுவது சபை விவாதத்துக்குரிய பொருளாக இருந்திருக்கிறது. மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்தவருக்கு வாசல் எளிதில் திறப்பதில்லை. கட்டுப்பாடு நிறைந்த சமூகம் அது.

இனிப் பாட்டுக்கு வருவோம். அவர்கள் கையிலுள்ள பாட்டுப் புத்தகங்களில் சொற்கள் மட்டுமே உண்டு, இசைக் குறிகள் இல்லை. 1854இல் வந்த 'சுவீட் சோங்ஸ்டர்', 1877இல் வந்த 'தோமஸ் ஹிம்னல்' ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஒருவர் முதல் அடியைப் பாடத் தொடங்குவார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வர். அடுத்த அடியிலிருந்து அவர் அடியை விரைவாக ஓதுவார். சபையார் அதையே மிக மெதுவாக, நீட்டி நீட்டிப் பாடுவார்கள். தாளக்கட்டு இல்லை. மேற்குலகத்தார் விரும்பும் பல்குரல் இசைவும் இல்லை. எல்லாரும் ஒரே மெட்டைத்தான் பாடுகிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் வளைவுகளையும் நெளிவுகளையும் போட்டுப் பாடுகிறார்கள். முதல் தடவை கேட்டபோது ஒலிநாடா பழுதோ என எண்ணினேன். மூன்றாவது தடவை எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டேன்.

இது மலையில் பிறந்த முறையன்று. 1644ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய பிரித்தானிய இறையியலாளர் பேரவை வகுத்த ஆராதனைக் கையேட்டில், சபையில் வாசிக்கத் தெரியாதோர் பலர் இருப்பதால் தகுதியான ஒருவர் சங்கீதத்தை அடி அடியாக வாசிக்க, ஏனையோர் பாடலாம் என்று விதித்திருந்தார்கள். தற்காலிக ஏற்பாடுதான். அமெரிக்கக் குடியேற்றங்களிலும் அதுவே வழக்கமாயிற்று. 1720களில் நியூ இங்கிலாந்தின் படித்த போதகர்கள் இதைக் காட்டுக் கூச்சல் என்று வெறுத்தனர். குறி பார்த்துப் பாடும் முறையைப் புகுத்தினர். அதற்கெனப் பாட்டுப் பள்ளிகள் எழுந்தன. நகரங்களில் பழைய முறை மறைந்தது. ஸ்கொட்லாந்தின் தீவுகளிலும், தென் மாநிலங்களின் சில கறுப்பினச் சபைகளிலும், இந்த மலைகளிலும் அது நின்றுவிட்டது. அப்பலாச்சியாவில் வாசிக்கத் தெரிந்தவர்கள் பெருகிய பின்னரும் எவரும் அதைக் கைவிடவில்லை. ஏன் என்பதுதான் கேள்வி.

விடையைத் தேடிப் போனபோது யாழ்ப்பாணத்தில் வந்து நின்றேன்.

1812 பெப்ரவரியில் மசச்சூசெட்ஸின் சேலம் நகரில் ஐந்து இளைஞர்கள் வெளிநாட்டு மிசனரிமாராக அபிஷேகம் செய்யப்பட்டார்கள். அவர்களை அனுப்பியது 1810இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மிசன் சங்கம். இரண்டு கப்பல்களில் கல்கத்தாவை அடைந்தவர்களைக் கிழக்கிந்தியக் கம்பனி வெளியேறச் சொன்னது. அவர்களுள் ஒருவரான சாமுவேல் நியூவெல், மொரீசியசில் மனைவியைப் பறிகொடுத்துவிட்டு, 1813இல் இலங்கைக்கு வந்தார். இங்கே பணியாற்ற வாய்ப்புண்டு என்று சங்கத்துக்கு எழுதினார். அதன் பயனாக 1816இல் வந்திறங்கியவர்களே தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்ட அமெரிக்க மிசனரிமார். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1841இல் 'உதயதாரகை'யும் பிறந்த வரலாற்றை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே ஐவரில் இன்னொருவர் லூதர் றைஸ். கல்கத்தாவில் பப்டிஸ்டாக மாறிய அவர், 1813இல் தாயகம் திரும்பி, வெளிநாட்டு மிசன்களுக்காகப் பணம் திரட்ட ஊர் ஊராகச் சுற்றினார். அவருடைய முயற்சியால் 1814இல் பிலடெல்பியாவில் பப்டிஸ்டுகளின் தேசிய மிசன் அமைப்பு உருவாகியது. 1815இல் கென்டக்கிக்கும் வந்து திறமையாக நிதி சேர்த்தார். எதிர்ப்பும் அங்கேயே கிளம்பியது. ஜோன் டெய்லர் என்ற முதிய எல்லைப்புறப் போதகர் 1820இல் வெளியிட்ட சிறு நூலில், றைஸை பதினாறாம் நூற்றாண்டில் பாவமன்னிப்புச் சீட்டு விற்ற தெட்செலோடு ஒப்பிட்டார். கோடரியால் காட்டை வெட்டிச் சம்பளமின்றிச் சபைகளை உண்டாக்கியவர் அவர். கிழக்குக் கரையிலிருந்து வந்த படித்த இளைஞர் காசு கேட்டது அவருக்குக் கசந்தது.

கசப்பு கொள்கையாக வளர்ந்தது. மிசன் சங்கம், ஞாயிறு பாடசாலை, இறையியல் கல்லூரி, சம்பளப் போதகர் ஆகிய எதற்கும் வேதத்தில் ஆதாரமில்லை. கடவுள் தெரிந்துகொண்டவரை மீட்கக் கடவுளுக்குப் பணப்பெட்டி தேவையில்லை என்றார்கள். 1820களிலும் 1830களிலும் பப்டிஸ்ட் சபைகள் இக்கேள்வியில் பிளந்தன. கிழக்குக் கென்டக்கியில் 1825இல் அமைந்த நியூ சேலம் சங்கம், 1890களின் தொடக்கத்தில் தன் பெயரோடு 'பழைய' என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டது. அதன் வழிவந்த சபைகளே இன்றைய பழைய ரெகுலர் பப்டிஸ்டுகள்.

ஆகவே, ஒரே காலத்தில் புறப்பட்ட ஒரே இயக்கம் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடமாகவும் அச்சுக்கூடமாகவும் முளைத்தது. கென்டக்கி மலைகளில் மறுப்பாக முளைத்தது. நான் அமெரிக்க மிசன் வழிவந்த பள்ளியொன்றில் எழுத்துக் கற்றவன். அந்தக் கொடையைக் குறைத்துச் சொல்லேன். ஆனால், சொந்த நாட்டு ஏழைக் குடியானவர்களே அந்த மிசனரிமாரைச் சந்தேகித்தார்கள் என்பதை எங்களுக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. இசைக் குறிகளும் பாட்டு ஆசிரியரும் அவர்கள் நிராகரித்த அந்த மூட்டைக்குள்தான் இருந்தன. பாட்டு பிழைத்ததற்கு எனக்குத் தெரிந்த காரணம் அதுவே.

மூட்டை பிறகு அவர்களைத் தேடி மலைக்கே வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வடமாநிலத் திருச்சபைகள் அப்பலாச்சியாவை மிசன் களமாகப் பார்க்கத் தொடங்கின. பெரியா கல்லூரியின் தலைவர் வில்லியம் குடெல் புறோஸ்ட் 1899இல் 'அட்லாண்டிக் மந்த்லி' இதழில் எழுதிய கட்டுரையில், மலைவாசிகளை நம் காலத்தில் வாழும் மூதாதையர் என வருணித்தார். அன்பாகத்தான் எழுதினார். ஆனால் அந்த அன்பில், இவர்களுக்கும் ஒரு திருச்சபை இருக்கிறது என்ற நினைவு குறைவு.

நிலக்கரி அதைவிடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. 1911இல் லெட்சர் கவுண்டியில் கன்சொலிடேஷன் நிலக்கரிக் கம்பனி ஜென்கின்ஸ் என்ற ஊரையே கட்டியது. 1950களில் இயந்திரங்கள் வந்தபோது வேலையிழந்தவர்கள் ஒஹையோவுக்கும் மிச்சிகனுக்கும் பெயர்ந்தார்கள். போன இடங்களிலும் சபைகளை அமைத்தார்கள். கோடைக்கால நினைவுக் கூட்டங்களுக்கு மலைக்குத் திரும்பி வந்தார்கள். புலம்பெயர்ந்தோரின் கோயில் திருவிழாப் பயணங்களை அறிந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

1896இல் அமைந்த இந்தியன் பொட்டம் சங்கத்தைச் சேர்ந்தவர்களின் பாடல்களை ஸ்மித்சோனியன் நிறுவனம் 1997இல் குறுந்தட்டாக வெளியிட்டது. இரண்டாவது தட்டு 2003இல் வந்தது. நான் முதலில் கேட்டது அந்தப் பதிவின் ஒலிநாடாப் பிரதி. இசையியலாளர் ஜெப் டொட் டைட்டன் சங்கத்தாருடன் கூடிச் செய்த வேலை அது. 2005இல் யேல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின இசைக் கலைஞர் வில்லி றவ் ஒரு மாநாட்டைக் கூட்டினார். ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழிச் சபையாரும், அலபாமாவின் கறுப்பினப் பப்டிஸ்டுகளும், கென்டக்கியின் இந்த மலைவாசிகளும் அடி சொல்லிப் பாடியதை ஒரே இடத்தில் கேட்கச் செய்தார். கறுப்பினத்தவரின் முறை கேலிக் சபைகளிடமிருந்து வந்தது என்ற அவரது கருத்தை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை.

2022 ஜூலை இறுதியில் தென்கிழக்குக் கென்டக்கியில் பெருவெள்ளம் ஏற்பட்டது. 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1969 முதல் அம்மலைகளின் வாழ்வைப் படமாகவும் ஒலியாகவும் சேகரித்துவரும் வைட்ஸ்பேர்க்கின் 'அப்பல்ஷொப்' நிறுவனத்துக்குள்ளும் வெள்ளம் புகுந்து, அதன் ஆவணக் காப்பகம் நீரில் மூழ்கியது. பெருகி வந்தவை ஓடைகள்தாம். மலைவாசிகள் தலைமுறை தலைமுறையாக இறங்கி ஞானஸ்நானம் பெற்ற அதே வகை ஓடைகள்.

அச்செய்தி வந்த அன்று பழைய நறுக்குகளைக் கிளறி, "பாம்புடன் பிரார்த்தனை"யைத் தேடியெடுத்தேன். தாள் பழுத்திருந்தது. அதில் தகவற்பிழை ஒன்றுமில்லை. ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. மொத்தம் இருபத்திரண்டு வரிகள். பாட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை.