காலரா: பித்தத்தில் பிறந்த பெயர்

"பேதியில போவ!" என்று நம் ஊர்ப்பக்கம் திட்டுவார்கள். என் பாட்டி அந்த வசவை மட்டும் வீட்டில் சொல்லவே விடமாட்டாள். அவளுடைய தம்பி வாந்திபேதியில் தண்ணீர் கேட்டுக் கேட்டே போனானாம். "தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு தடுத்துட்டாங்கடா" என்பாள். கொல்கத்தாவில் குடியேறிய பிறகுதான் அந்தப் பேச்சின் கனம் எனக்குப் புரிந்தது.

காலரா என்ற சொல் கிரேக்கத்திலிருந்து இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'கோலே' என்றால் கிரேக்கத்தில் பித்தம். பித்தம் மிஞ்சி வெளியேறுவதே நோய் என்பது பழைய கருத்து. வாத, பித்த, கபம் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. முன்கோபியை ஆங்கிலத்தில் 'காலரிக்' என்பதும் இதே வேர்தான். 1817இல் வங்காளத்தில் கிளம்பிய கொள்ளைநோய் உலகெங்கும் பரவியபோது அதற்கும் இப்பெயரே நிலைத்தது. பித்தத்தைச் சரிசெய்வதாக எண்ணி, டாக்டர்கள் பாதரசம் கலந்த பேதிமருந்தைக் கொடுத்தார்கள், ரத்தத்தையும் வடித்தார்கள். நீர் வற்றிச் சாகிறவனிடம் இருந்ததையும் பறித்த கதை!

வங்காளிகளோ இதை 'ஓலாஓட்டா' என்றார்கள். கீழே இறங்குவதும் மேலே எழும்புவதும் என்று பொருள். நம்ம வாந்திபேதியேதான்! காரணத்தை ஊகிக்காமல், கண்டதைச் சொன்ன பெயர்கள்.

உண்மைக் காரணம் இந்த நகரத்தில்தான் துலங்கியது. 1884இல் ராபர்ட் கோக் இங்கே நோயாளிகளின் குடலிலும் ஒரு குளத்து நீரிலும் 'கமா' வடிவக் கிருமியைக் கண்டார். 1959இல் சம்புநாத் தே, கிருமியை வடிகட்டி நீக்கிய திரவமே முயலின் குடலில் நீரைச் சுரக்கவைப்பதைக் காட்டினார். கிருமி கக்கும் நஞ்சுதான் குற்றவாளி; பித்தமல்ல. நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்காமல், நம் நாட்டிலும் உரிய மரியாதை பெறாமல் 1985இல் அவர் மறைந்தார்.

1971இல் போங்காவ் அகதி முகாமில் ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. கொல்கத்தா டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் கலந்த நீரைக் குடிக்கவே கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

பித்தம் பெயரில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் "தண்ணி குடுக்காதே" என்ற சொல்லை நம்ம வீடுகளில் இன்றும் கேட்கிறேன். அன்பர்களே, அதை மட்டும் விட்டுவிடுவோம். பாட்டியின் தம்பிக்கு வேண்டியிருந்தது, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர்தான்.