லாகூர் ஆணையும் காலநிலை ஆளுகையும்

காலநிலை வழக்குகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 2015 ஜூன் மாதத்தில் நெதர்லாந்தில் வெளிவந்த உர்கெண்டா தீர்ப்பையே முன்னிறுத்துவர். பசுங்குடில் வளி உமிழ்வை 1990ஆம் ஆண்டின் அளவினின்று 2020க்குள் 25 விழுக்காடேனும் குறைக்குமாறு அது அரசைப் பணித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் லாகூர் உயர் நீதிமன்றம் லெகாரி வழக்கில் பிறப்பித்த ஆணைகள், ஆளுகை நோக்கில், அதனினும் கூர்ந்து ஆராயத்தக்கவை. வழக்குத் தொடுத்தவர் ஓர் உழவர். புதுச் சட்டம் எதனையும் அவர் வேண்டவில்லை. பாகிஸ்தான் அரசு தானே வகுத்த 2012ஆம் ஆண்டுக் கொள்கை ஏட்டளவில் நின்றதையே முறையிட்டார். நீதிபதி மன்சூர் அலி ஷா இதனை உயிர்வாழும் உரிமையோடு பொருத்தி, துறைதோறும் பொறுப்பு அலுவலரை அமர்த்தச் செய்து, காலநிலை மாற்ற ஆணையம் ஒன்றையும் நிறுவினார். தீர்ப்புரையினும் இம்மேற்பார்வையே வரலாற்றுப் புதுமை. முன்னுரிமைப் பணிகளுள் ஏறத்தாழ மூன்றில் இருபங்கு நிறைவேறிய நிலையில், 2018இல் ஆணையம் கலைக்கப்பட்டது. எஞ்சியவை ஒரு நிலைக்குழுவின் கண்காணிப்பில் விடப்பட்டன.