பி.என்.ஜி. பிறந்த கதை

இணையத்தளத்தில் புகைப்படத்துக்கு ஜேபெக், எழுத்தும் கோடும் உள்ள சின்னங்களுக்கு பி.என்.ஜி. எண்டு சொல்லுவம். ஆனால் பி.என்.ஜி. பிறந்ததே ஒரு உரிமைப் பிரச்சினையில.

1987இல் கொம்பியூசேர்வ் நிறுவனம் ஜிஃப் வடிவத்தை வெளியிட்டது. எல்லாரும் இலவசம் எண்டு நம்பிப் பாவித்தார்கள். அதற்குள் இருந்த சுருக்கும் முறையின் காப்புரிமையோ யுனிசிஸ் நிறுவனத்திடம் இருந்தது. 1994 டிசெம்பரில், ஜிஃப் படங்களைக் கையாளும் மென்பொருள்களை உருவாக்குவோர் கட்டணம் செலுத்த வேணும் எண்டு அறிவிப்பு வந்தது.

அடுத்த மாதமே தோமஸ் பூட்டெலும் இணையத்தில் சேர்ந்த நிரலாளர்களும் காப்புரிமைச் சிக்கல் இல்லாத புது வடிவத்தை வரையத் தொடங்கினார்கள். அதுதான் பி.என்.ஜி. ஜிஃபின் 256 நிற எல்லையும் அதில் இல்லை. 1996இல் உலகளாவிய வலை அமைப்பு அதைப் பரிந்துரைத்தது.

2003இல் அமெரிக்காவில் அந்தக் காப்புரிமை காலாவதியானது. ஜிஃப் இண்டைக்கும் பாவனையில் இருக்கு. எண்டாலும் ஒரு வடிவத்தைத் தெரிவுசெய்யேக்க கோப்பின் அளவை மட்டுமில்லை, அது ஆருடைய சொத்து எண்டதையும் பார்க்க வேணும்.