ரப்பர் உடுப்பும் ஒரு மரப்படகும்

முழுப்பரீட்சை லீவுக்கு வந்திருந்த பேரன், "தாத்தா, இந்தப் படம் பாருங்க, கண்டிப்பா அழுவீங்க" என்றான். படம் 'காட்ஸில்லா மைனஸ் ஒன்'. ராட்சதப் பல்லி ஊரை மிதிக்கிற படத்தில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். காரணம் உண்டு. 1986ல் டெக் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய நாலு காசெட் ஓட்டிய ஓர் இரவில், பழைய கறுப்பு வெள்ளை காட்ஸில்லாவைக் குடும்பத்தோடு பார்த்திருக்கிறோம். "உள்ளே ஆள் இருக்கான்டா, நல்லாப் பாரு" என்று பையனிடம் நானே காட்டிக் கொடுத்தேன். வீடே சிரித்தது.

அன்று சிரித்தது தப்பு என்று இப்போது படுகிறது. ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தப் பதிவு.

1954 மார்ச் 1. பசிபிக் கடலில் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. 15 மெகாடன். ஹிரோஷிமாவில் போட்டதைப்போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. அறிவிக்கப்பட்ட ஆபத்து எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது 'ஐந்தாம் அதிர்ஷ்ட டிராகன்' என்ற ஜப்பானிய மரப்படகு. படகில் 23 பேர். மேற்கே சூரியன் உதித்ததுபோல் வெளிச்சம். சில மணி நேரம் கழித்து வெள்ளைச் சாம்பல் மழைபோல் விழுந்தது. பவளப்பாறையின் பொடி அது, கதிரியக்கம் ஏறியது. அவர்கள் அதைக் கையால் துடைத்துவிட்டு தூண்டில் கயிற்றை இழுத்திருக்கிறார்கள்.

மார்ச் 14ந் தேதி யாய்சு துறைமுகத்துக்கு வந்து சேரும்வரை வெளியுலகுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு நாடே கலங்கிப்போனது. சூரை மீனை வாங்க ஆளில்லை. தோக்கியோவின் சுகினாமி பகுதியில் சாதாரணக் குடும்பப் பெண்கள் தொடங்கிய கையெழுத்து இயக்கத்தில் மூன்று கோடிப் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். செப்டம்பர் 23ந் தேதி படகின் வயர்லெஸ் ஆபரேட்டர் ஐகிச்சி குபோயாமா இறந்தார். வயது 40. நானும் தந்தி இலாகாவில் மோர்ஸ் சாவி தட்டியவன். அந்த 23 பேரில் இந்த ஒரு பெயர் மட்டும் எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது.

அவர் இறந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை, நவம்பர் 3ந் தேதி 'கோஜிரா' வெளியாகிறது. படத்தின் முதல் காட்சியே கடலில் ஒரு கப்பல், திடீர் வெளிச்சம், தீ. அதைப் பார்த்த ஜப்பானியர் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. ரயிலில் போகிற ஒரு பெண், அணுச்சூரை, கதிரியக்க மழை, இப்போது இது வேறா என்று அலுத்துக்கொள்கிறாள். நாகசாகியில் தப்பிப் பிழைத்தவள் அவள். எரியும் தெருவோரம் ஒரு தாய் குழந்தைகளை அணைத்துக்கொண்டு, அப்பாவிடம் சீக்கிரம் போய்விடலாம் என்று தேற்றுகிறாள். இயக்குநர் இஷிரோ ஹோண்டா போருக்குப் போனவர். 1946ல் ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கண்ணால் பார்த்தவர்.

எங்களைச் சிரிக்க வைத்த அந்த உடுப்புக்குள் இருந்தவர் ஹரூவோ நகாஜிமா. முதலில் செய்த உடுப்பு சுமார் 100 கிலோ. போட்டுக்கொண்டு நடக்கவே முடியவில்லை. வேறொன்று செய்தார்கள். யானையும் கரடியும் எப்படி அடியெடுத்து வைக்கின்றன என்று மிருகக்காட்சி சாலைக்குப் போய்ப் பார்த்தாராம் அந்த மனிதர். எய்ஜி சுபுராயா சின்னச் சின்னக் கட்டடங்களைச் செய்து வைத்து, கேமராவை வேகமாக ஓட்டிப் படம் பிடித்தார். திரையில் அசைவு மெதுவாகி, எடை கூடித் தெரிந்தது. அந்த உறுமல் சத்தம் எந்த மிருகத்துடையதும் இல்லை. பெரிய டபுள் பேஸ் வாத்தியத்தின் தளர்ந்த தந்திகளைத் தோல் கையுறையால் தேய்த்து எடுத்தது.

நாங்கள் காசெட்டில் பார்த்தது இந்தப் படமே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. 1956ல் அமெரிக்காவில் வெட்டி ஒட்டிய பதிப்பு அது. ரேமண்ட் பர் என்ற நடிகரை நிருபராக நுழைத்து, 96 நிமிஷப் படத்தை 80 நிமிஷமாக்கி, ரயில் பேச்சை எடுத்துவிட்டு, குண்டுச் சோதனை தொடர்ந்தால் இன்னொன்று வரும் என்ற முடிவு எச்சரிக்கையையும் நீக்கிவிட்டார்கள். படகை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது ரப்பர் உடுப்புதானே. சிரிக்காமல் என்ன செய்வது?

அஞ்சலிப் படங்களையும் நான் இந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன். 2013ல் வந்த 'பசிபிக் ரிம்' கடைசியில் ஹோண்டாவுக்கும், பொம்மைகளை அசைத்துப் படமெடுத்த ரே ஹாரிஹவுசனுக்கும் சமர்ப்பணம் போடுகிறது. மரியாதையான காரியம். 2014ல் வந்த ஹாலிவுட் காட்ஸில்லாவில் கென் வடனாபே ஏற்ற பாத்திரத்துக்கு இஷிரோ செரிசாவா என்று பெயர்; இயக்குநர் பெயரும் பழைய படத்து விஞ்ஞானி பெயரும் சேர்ந்தது. ஹிரோஷிமாவில் நின்றுபோன அப்பாவின் கடிகாரத்தையும் அவர் வைத்திருக்கிறார். எல்லாம் சரி. ஆனால் அதே படம், 1954 பிகினி வெடிப்பு சோதனையே அல்ல, அந்த மிருகத்தைக் கொல்லத்தான் குண்டு போட்டார்கள் என்கிறது! கதைதானே என்று விட்டுவிடலாம். குபோயாமாவை நினைத்தால் எனக்கு விட முடியவில்லை.

2016ல் ஜப்பானில் வந்த 'ஷின் கோஜிரா' வேறு மாதிரி. 2011 சுனாமியும் ஃபுகுஷிமா அணு உலை விபத்தும் பின்னணியில் நிற்கின்றன. மிருகம் ஊருக்குள் வந்துவிட்டது, அதிகாரிகள் ஒரு கூட்டம் முடிந்து இன்னொரு அறைக்கு அடுத்த கூட்டத்துக்குப் போகிறார்கள். முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவனுக்கு அதைவிடப் பயங்கரம் வேறு வேண்டாம். அகிரா இஃபுகுபேயின் 1954 இசையை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இனி பேரன் காட்டிய படம். இயக்குநர் தகாஷி யமசாகி. 1950களின் தோக்கியோவை ஏக்கத்தோடு காட்டும் தன் படம் ஒன்றின் தொடக்கத்திலேயே, 2007ல், கற்பனைக் காட்சியாக காட்ஸில்லாவை உலவ விட்டவர். ஆசை அப்போதே இருந்திருக்கிறது. 'மைனஸ் ஒன்' வெளியான தேதி 2023 நவம்பர் 3. தற்செயல் இல்லை. ரயில் பெட்டியை வாயில் கவ்வுவது, மொட்டை மாடியில் நின்று வர்ணிக்கும் வானொலிக்காரர்கள் கட்டடத்தோடு சரிவது எல்லாம் பழைய படத்துக்கு வைத்த கும்பிடுகள். கம்ப்யூட்டர் காட்சிகளைச் செய்தது 35 பேர். சிறப்புக் காட்சிகளுக்கான ஆஸ்கர் கிடைத்தது. ஒரு கறுப்பு வெள்ளைப் பதிப்பும் விட்டார்கள்.

கதை போர் முடிந்த கையோடு நடக்கிறது. தற்கொலைப் படையில் சேர்ந்து, சாகாமல் திரும்பி வந்த குற்றவுணர்ச்சியில் ஒருவன். கடலில் மிதக்கும் கண்ணிவெடிகளை அகற்றும் வேலை கிடைக்கிறது. இரும்புக் கப்பல் என்றால் காந்தக் கண்ணி வெடிக்கும் என்பதால் அவர்களுக்குக் கொடுப்பது மரப்படகு. அந்தச் சின்னப் படகைத் துரத்திக்கொண்டு தண்ணீருக்கு மேல் அந்தத் தலை வருகிற இடத்தில், பேரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அழுகிறேனா என்று.

"நிறுத்துடா ஒரு நிமிஷம்" என்று சொல்லி, குபோயாமா கதையை அவனிடம் சொன்னேன். அந்தப் படகு இப்போது எங்கே என்று கேட்டான். சுத்தம் செய்து, பெயர் மாற்றி, மீன்வளக் கல்லூரியின் பயிற்சிக் கப்பலாக ஓட்டினார்கள். 1967ல் கழித்துக் கட்டி, தோக்கியோ குப்பை மேடான யுமெனோஷிமாவில் போட்டுவிட்டார்கள். அடுத்த வருஷம் ஒருவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, இதைக் காப்பாற்றக் கூடாதா என்று கேட்கப்போய்த்தான் ஜனங்கள் கிளம்பினார்கள். 1976 முதல் அதே இடத்தில் கூரை போட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பேரன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்த 1954 படம் முழுசா கிடைக்குமா தாத்தா?" என்றான். தேடி எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பாவும் வருகிறான். அவனையும் உட்கார வைக்க வேண்டும்.