கோல்கொண்டாவுக்கு வாடகை கட்டிய ஊர்

ஹைதராபாத்தில் வீடு எடுத்துக் குடியிருப்பவனுக்கு வருஷத்துக்கு நாலு தடவையாவது கோல்கொண்டா படியேறும் பாக்கியம் உண்டு. முதல் தடவை வாயைப் பிளந்து பார்த்தேன். இப்போது எந்தப் படியில் உட்கார்ந்தால் நிழல் வரும், எந்த இடத்தில் பிள்ளைகள் "இன்னும் எவ்வளவு தூரம்" என்று அழ ஆரம்பிக்கும் என்பது வரை அத்துப்படி. துபாய், சிங்கப்பூர் என்று போய்விட்ட சிநேகிதர்களும் இதையேதான் சொல்கிறார்கள். விருந்தாளி வந்தால்தான் நாம் இருக்கும் ஊரை நாமே பார்க்கிறோம்.

எங்கள் ஜாகை அமீர்பேட்டில். ஜாவா படிக்க வந்து, ஒரு ஹாஸ்டல் அறையில் நாலு பேராக அடைந்து கிடந்த பேட்டை. கோர்ஸ் முடிந்தது, வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, மகளும் பிறந்தாள். பேட்டையை விட்டு மட்டும் நகரவில்லை. சுவரெல்லாம் இன்னமும் கோர்ஸ் விளம்பரம்தான், படிப்பின் பெயர்தான் மாறியிருக்கிறது. 2017-ல் மெட்ரோ வந்த பிறகு ஒரு சௌகரியம். இரண்டு பாதைகள் சந்திக்கும் ஸ்டேஷன் எங்களுடையது. வருகிறவர்களிடம் "அமீர்பேட்ல இறங்கு, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னால் போதும்.

இந்தத் தடவை வந்தது கல்லூரி நண்பன் குடும்பம். திருவல்லிக்கேணிக்காரன். அவன், அவன் மனைவி, எட்டாவது படிக்கும் பையன். வெள்ளிக்கிழமை சாலார் ஜங் மியூசியம், சார்மினார். சனிக்கிழமை கோல்கொண்டா, குத்ப் ஷாஹி கல்லறைகள். இது தங்கமணி போட்ட திட்டம். வெள்ளிக்கிழமை மியூசியத்துக்கு லீவு என்பது இத்தனை வருஷமாக இங்கே குப்பை கொட்டும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தான். அதுதான் வலித்தது. இரானி சாயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். சார்மினாரை (1591-ல் முகமது குலி குத்ப் ஷா கட்டியது) பத்து நிமிஷம் அண்ணாந்து பார்த்தோம். பக்கத்து லாட் பஜாரில் வளையல் வாங்க மூணு மணி நேரம் ஆனது. விருந்தாளிகளைச் சுற்றிக் காட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும் :-)

மறுநாள் கோல்கொண்டா. பாலா ஹிசார் வாசலில், கவிமாடத்துக்கு அடியில் நின்று கை தட்டினால் மலை உச்சி மண்டபத்தில் கேட்கும். எதிரி வந்தால் மேலே தெரிய வேண்டும் என்ற ஏற்பாடு. பசங்க தட்டினார்கள். நாங்கள் மேலே ஏறிப் போய், யாரோ தட்டியதைக் கேட்டோம். அங்கே உட்கார்ந்து நான் வழக்கமான கதையை ஆரம்பித்தேன். 1687-ல் ஔரங்கசீப்பின் படை எட்டு மாதம் இந்தக் கோட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. பீரங்கியும் கண்ணிவெடியும் பலிக்கவில்லை. கடைசியில் உள்ளேயிருந்த தளபதி அப்துல்லா கான் பன்னி லஞ்சம் வாங்கிக்கொண்டு இரவில் கதவைத் திறந்துவிட்டார். அப்துர் ரசாக் லாரி என்ற இன்னொரு தளபதி மட்டும் உடம்பெல்லாம் வெட்டு வாங்கும் வரை நின்று சண்டை போட்டார். கடைசி சுல்தான் அபுல் ஹசன் தானா ஷா பிடிபட்டார்.

நண்பனின் பையன் என் மகளைப் பார்த்து, "உங்க ராஜா தோத்துட்டாரா? எங்க சோழ ராஜாங்கல்லாம் கடல் தாண்டிப் போய் ஜெயிச்சாங்க" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் முகம் சுண்டிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, நமக்கு ராஜா யாருப்பா? சோழரா, இவரா?"

அவள் பிறந்தது இங்கே. பள்ளியில் தெலுங்கு படிக்கிறாள், வீட்டில் தமிழ் பேசுகிறாள். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் எங்கள் இருவருக்கும் வியர்த்துவிடும். இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று தெரியும். கோல்கொண்டா உச்சியில், வெயில் ஏறும் நேரத்தில் வரும் என்று நினைக்கவில்லை.

பையனைக் கூப்பிட்டேன். "உங்க திருவல்லிக்கேணி அப்போ யாரோடது தெரியுமாடா?"

"வெள்ளைக்காரனோடது அங்கிள்."

"அவன் யார்கிட்ட வாடகைக்கு எடுத்தான்?"

பையன் முழித்தான். அவன் அப்பனும் முழித்தான்.

1639-ல் தாமர்ல நாயக்கரிடம் அனுமதி வாங்கி கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மதராஸில் கோட்டை கட்டியது வரை நமக்குப் பாடத்தில் உண்டு. அதற்கு அடுத்த பக்கத்தை யாரும் சொல்வதில்லை. சில வருஷங்களிலேயே சந்திரகிரி ராஜாவின் கை தளர்ந்தது. 1646 வாக்கில் மீர் ஜும்லா தலைமையில் கோல்கொண்டாப் படை வந்து அந்தச் சீமை முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஜார்ஜ் கோட்டை வெள்ளைக்காரர்கள் புதிய முதலாளியிடம் பழைய அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டார்கள். எத்தனை வாடகை என்பதில் ஓயாத தகராறு. 1658-ல் வருஷத்துக்கு 380 வராகன் என்று பேசி முடித்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை. 1672-ல் கோல்கொண்டாவின் கர்நாடக நவாபு நெக்நாம் கான் 1,200 வராகன் என்று கௌல் எழுதிக் கொடுத்தார். பூந்தமல்லியில் கோல்கொண்டாவின் அதிகாரி இருந்தார். அவருக்குக் கோபம் வந்தால் மதராஸுக்குப் போகும் நெல் வழியிலேயே நின்றுவிடும். வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவாரே, அந்த மாதிரி.

அதே 1672-ல் சாந்தோமைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். அதற்குப் பத்து வருஷம் முன்பு போர்ச்சுகீசியரிடமிருந்து கோல்கொண்டா பிடித்த ஊர் அது. விடுவார்களா? முற்றுகை போட்டார்கள். டச்சுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் திருவல்லிக்கேணி கோவிலையே காவல் அரணாக வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். 1674-ல்தான் சாந்தோம் விழுந்தது. அதற்கப்புறம் 1676-ல் திருவல்லிக்கேணியைக் கம்பெனி குத்தகைக்கு எடுத்தது. யாரிடம்? இந்தக் கோட்டையில் இருந்த சுல்தானிடம்.

"அப்ப எங்க வீடு இவரோடதா?" என்றான் பையன்.

"நாப்பது வருஷம்."

என் மகள் அவனைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

இறங்கும் வழியில் ராமதாஸர் சிறை என்று காட்டும் இருட்டறை. நண்பன் மனைவி அங்கே நின்றுவிட்டார். அவர் வீட்டில் பஜனை சம்பிரதாயம் உண்டு; மார்கழியில் ராமதாஸர் கீர்த்தனை பாடாமல் பொழுது விடியாதாம். பத்ராசலம் கோவிலுக்காக வரிப் பணத்தைச் செலவழித்துவிட்டார் என்று கஞ்சர்ல கோபண்ணா என்ற தாசில்தாரை இதே தானா ஷா அடைத்து வைத்த இடம். பிறகு ராமனும் லட்சுமணனும் வந்து பாக்கியைக் கட்டி மீட்டதாகக் கதை. அதுவும் ஒரு பாக்கிக் கணக்குதான், பாருங்கள். சுவரில் ராமனும் அனுமனும் செதுக்கியிருக்கிறார்கள். ராமதாஸரே செதுக்கியது என்பார்கள். "நாங்க பாடறதெல்லாம் இந்த ரூம்லயா அண்ணா?" என்று கேட்டார். தெலுங்குப் பாட்டு கோல்கொண்டாவிலிருந்து திருவையாறு வழியாகத் திருவல்லிக்கேணி மாடவீதிக்குப் போயிருக்கிறது. சுல்தானின் மந்திரிகள் அக்கண்ணா, மாதண்ணா இருவரும் கோபண்ணாவுக்கு மாமன்கள் என்பது வழிவழியாகச் சொல்வது. முற்றுகைக்கு முன்பே அந்த அண்ணன் தம்பி இருவரையும் தெருவில் வெட்டிக் கொன்றுவிட்டார்கள். 1677-ல் சிவாஜி ஹைதராபாத் வந்து சுல்தானைச் சந்தித்துவிட்டு செஞ்சிக்குப் போனாரே, அந்த ஏற்பாட்டின் பின்னால் இருந்தவர் மாதண்ணாதான்.

எனக்கு மிகவும் பிடித்தது கோட்டை விழுந்த காலை. காஃபி கான் எழுதி வைத்திருக்கிறார். எதிரி அரண்மனைக்குள் வந்துவிட்டான் என்று தெரிந்ததும் தானா ஷா அந்தப்புரத்தில் விடைபெற்றுக்கொண்டு வந்து சபையில் உட்கார்ந்தார். பிடிக்க வந்த மொகலாய அதிகாரிகளை மரியாதையாக வரவேற்றார். வழக்கமான நேரத்தில் காலை உணவு கொண்டுவரச் சொல்லி, வந்தவர்களையும் சாப்பிடக் கூப்பிட்டார். இந்த நேரத்தில் எப்படிச் சாப்பாடு இறங்குகிறது என்று அவர்கள் கேட்டார்களாம். நிதானமாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

இதைச் சொன்னபோது தங்கமணி, "சொல்லாம கொள்ளாம வந்தவங்களுக்கு சமைச்சுப் போட்ட அந்த அந்தப்புரத்து ஆளுங்களைப் பத்தி உங்க காஃபி கான் எழுதலையா?" என்றாள். பதில் சொல்வது உசிதமில்லை என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

சாயங்காலம் குத்ப் ஷாஹி கல்லறைகள். ஒவ்வொரு கும்பமாகப் பார்த்துக்கொண்டே வந்த மகள், "தானா ஷா எங்கேப்பா?" என்றாள். அவர் இங்கே இல்லை. தௌலதாபாத் கோட்டையில் சிறை வைத்தார்கள், அங்கேயே இறந்தார். புதைத்தது பக்கத்திலுள்ள குல்தாபாத்தில். இருபது வருஷம் கழித்து, 1707-ல், அவரைப் பிடித்த ஔரங்கசீப்பையும் கொண்டுவந்து புதைத்தது அதே குல்தாபாத்தில்தான். ஆளே இல்லாத கல்லறைக்கு இடம் தேடுகிற மாதிரி அவள் ரொம்ப நேரம் புல்வெளியைச் சுற்றி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சார்மினார் எக்ஸ்பிரஸ். நாம்பள்ளி ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனோம். வண்டி நகர ஆரம்பித்ததும் பையன் ஜன்னல் வழியாகக் கையாட்டினான். என் மகள் பிளாட்பாரத்தில் கூடவே ஓடி, நல்ல தமிழில், நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்:

"டேய்! வாடகை பாக்கி இருக்கு!"